பாதியில் நின்ற வீடு: காண்ட்ராக்டரிடம் நம் ஹக் எவ்வளவு, நம்மிடம் அவர் ஹக் எவ்வளவு?

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து சுன்னத்தும் தொழுதுவிட்டு நாம் எழுந்தபோது பள்ளி நிர்வாகிகளில் ஒருவர் வந்து, "ஹஜ்ரத், அஸருக்குப் பிறகு ஒரு பஞ்சாயத்து இருக்கு. நீங்களும் உட்காரணும்" என்றார்.

டெல்டா பகுதியில் ஓர் ஊர். வீட்டுக்காரர் சவூதியில் வேலை பார்க்கிறார். ஊரில் கட்டட வேலையைக் கவனித்துக்கொண்டது அவருடைய மனைவியும், எழுபது வயதான மாமனாரும். காண்ட்ராக்டரும் அதே மஹல்லாக்காரர்தான். ஃபஜ்ருக்கு முதல் ஸஃப்பில் நிற்பவர். அவரிடம் ஏன் வேலையைக் கொடுத்தீர்கள் என்று கேட்டபோது அந்தப் பெரியவர் சொன்ன ஒரே காரணமும் அதுதான்.

1200 சதுர அடி வீடு. சதுர அடிக்கு 2200 ரூபாய் வீதம் மொத்தம் 26,40,000. பதினான்கு மாதத்தில் 21 லட்சம் கைமாறியிருந்தது. தளம் போட்டாகிவிட்டது, உள் பூச்சு பாதியில் நிற்கிறது, மழை பெய்தால் ஓர் அறையில் ஒழுகுகிறது. ஆறு மாதமாக வேலைக்கு ஆள் இல்லை. காண்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை. பள்ளிக்கும் வேறு வாசல் வழியாக வந்துபோகிறார்.

அன்று அஸருக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். தொழுகிறவர் இப்படிச் செய்யலாமா, மறுமையில் என்ன பதில் சொல்வார், வெளிநாட்டில் வெயிலில் உழைத்த காசு, இப்படியே போனது. அத்தனையும் நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில், இதுவரை நடந்திருக்கும் வேலையின் மதிப்பு எவ்வளவு என்று ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு தரப்புக்கும் அது தெரியவில்லை. அந்தப் பெண், தனக்குப் பன்னிரண்டு லட்சம் திரும்ப வரவேண்டும் என்று நம்பி வந்திருந்தார். காண்ட்ராக்டரோ, தனக்குத்தான் இரண்டு லட்சம் பாக்கி என்றார். இருவருமே அல்லாஹ்வின் மீது ஆணையிடத் தயாராக இருந்தார்கள்.

சத்தியம் வேண்டாம், அளவு நாடா வரட்டும் என்று சொல்லி நாம் பஞ்சாயத்தைப் பத்து நாள் தள்ளிவைத்தோம்.

கணக்கு சொன்னது என்ன?

இரு தரப்புக்கும் பழக்கமில்லாத ஒரு பொறியாளரைப் பக்கத்து நகரத்திலிருந்து அழைத்தார்கள். அவருடைய கட்டணத்தை இருவரும் பாதிப்பாதி ஏற்றார்கள். அவர் இரண்டு நாள் அளந்து எழுதிக் கொடுத்தது இதுதான்: ஒப்பந்தப்படி நடந்திருக்கும் வேலையின் மதிப்பு 15,80,000. தளத்தின் ஒழுக்கையும், கோணலாக எழுந்த ஒரு சுவரையும் சரிசெய்ய 1,20,000 ஆகும். ஒப்பந்தத்தில் இல்லாமல், வீட்டார் இடையில் கேட்டுச் செய்ததும் உண்டு: தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்கியது, மாடியில் ஒரு குளியலறை, ஜன்னல் மரத்தை மாற்றியது. இந்தக் கூடுதல் வேலை 1,40,000.

21 லட்சத்தில் 15,80,000 போனால் 5,20,000. அதில் கூடுதல் வேலைக்கான 1,40,000-ஐக் கழித்தால் 3,80,000. பழுது பார்க்கும் செலவு 1,20,000-ஐச் சேர்த்தால் சரியாக ஐந்து லட்சம். அதுதான் காண்ட்ராக்டர் தரவேண்டியது.

பன்னிரண்டு லட்சமும் இல்லை, மைனஸ் இரண்டு லட்சமும் இல்லை. ஒருவர் பொருளை மற்றவர் தவறான வழியில் உண்ணக்கூடாது என்று சூரா அந்நிஸாவின் 29-வது வசனம் தடுக்கிறது. அந்தத் தடையில், ஏமாற்றியவருடைய பொருளை மட்டும் உண்ணலாம் என்ற விலக்கு இல்லை. அவர் நம்மிடம் அநியாயம் செய்தார் என்பதற்காக, அவர் நியாயமாகச் செய்த வேலைக்கான கூலி நமக்கு ஹலாலாகிவிடாது. இதை அந்தப் பெண்ணிடம் சொல்ல நமக்கே சங்கடமாக இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அஞ்சு லட்சம் என் ஹக்குதானே ஹஜ்ரத்? அதுல யாரும் குறைக்கச் சொல்ல மாட்டீங்கள்ல?" என்று கேட்டார். குறைக்கச் சொல்லவில்லை.

நாம் போடுவது எந்த ஒப்பந்தம்?

வீட்டு வேலையை நம் மக்கள் இரண்டு விதமாகக் கொடுக்கிறார்கள். சிமெண்ட், கம்பி, மணல், செங்கல் எல்லாம் நாம் வாங்கித் தந்து, வேலையை மட்டும் அவர் செய்வது லேபர் காண்ட்ராக்ட். ஃபிக்ஹில் இது இஜாரா, அதாவது கூலி ஒப்பந்தம். இதில் நம் பொருள் அவரிடம் அமானிதம். மிஞ்சிய கம்பியும் சிமெண்டும் நமக்கே உரியவை. அடுத்த சைட்டுக்கு எடுத்துப்போக அவருக்கு உரிமை இல்லை. அவருடைய கைவேலையால் வந்த சேதத்துக்கு அவர் பொறுப்பு என்பது ஹனஃபி சட்டம்.

பொருளும் அவருடையது, வேலையும் அவருடையது என்பது முழு காண்ட்ராக்ட். ஹனஃபி மத்ஹபில் இதை இஸ்திஸ்னாஃ என்பார்கள், செய்து தரச் சொல்லும் ஒப்பந்தம். ஷாஃபிஈ மத்ஹப் இதைத் தனி ஒப்பந்தமாக ஏற்பதில்லை என்பதால், கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ குடும்பங்கள் இது கூடுமா என்று நம்மிடம் கேட்பதுண்டு. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992-ல் ஜித்தாவில் கூடி இதை அனுமதித்திருக்கிறது. இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்றும், தொகையைத் தவணைகளாகக் கொடுக்கலாம் என்றும் கூறியிருக்கிறது. ஆனால் நிபந்தனை உண்டு. செய்யப்படும் பொருளின் வகை, அளவு, தன்மை தெளிவாக இருக்கவேண்டும். முடிக்கும் காலமும் குறிக்கப்படவேண்டும்.

இப்போது அந்த வீட்டின் ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஒரே ஒரு தாள். "சதுர அடி 2200, முழு வேலை, சாவி கையில்." அவ்வளவுதான். எந்த சிமெண்ட், எந்தத் தரத்துக் கம்பி, கான்கிரீட் எந்தக் கலவை, டைல்ஸ் சதுர அடிக்கு எந்த விலை வரை, ஒயர் எந்த கம்பெனி, சன்ஷேடும் படிக்கட்டு மேல்தளமும் சதுர அடியில் சேருமா, தொட்டி எத்தனை லிட்டர், எந்த மாதம் முடியும், எதுவும் இல்லை. சண்டைக்கு இட்டுச்செல்லும் தெளிவின்மை ஒப்பந்தத்தையே கெடுக்கும் என்று மதரஸாவில் ஓதும்போது நாம் அதைத் தானியக் குவியலுக்கும் அடிமை வியாபாரத்துக்கும் உதாரணம் காட்டித்தான் படித்தோம். இன்று அதற்கு "சாவி கையில்" என்ற இரண்டு சொல்லே போதும்.

சூரா அல்பகராவின் 282-வது வசனம், தவணைக் கடனை எழுதிக்கொள்ளவும், சாட்சிகளை வைத்துக்கொள்ளவும், சிறிதோ பெரிதோ எழுதச் சலிப்படையாமல் இருக்கவும் கற்பிக்கிறது. குர்ஆனின் மிக நீளமான வசனம் இதுதான். "நம்ம ஆளு, எழுதிக் கேட்டா தப்பா நினைப்பாரு" என்று நினைப்பவர்கள், ஸஹாபாக்கள் வாழ்ந்த சமூகத்துக்குத்தான் இது முதலில் இறங்கியது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். முத்திரைத்தாளில் எழுதுவது நல்லது. அதைவிட முக்கியம், ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையெழுத்தும் இரு சாட்சிகளும். இடையில் கேட்கும் ஒவ்வொரு கூடுதல் வேலைக்கும் ஒரு வரி, ஒரு விலை, ஒரு கையெழுத்து. அந்த 1,40,000 பற்றிய தகராறு அத்தனையும் இந்த ஒரு வரி இல்லாததால் வந்தது. அதில் தவறு வீட்டார் பக்கம்தான்.

தாமதத்துக்குப் பணம் பிடிப்பது வட்டியா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. அதே ஃபிக்ஹ் அகாடமி 2000-ல் ரியாத் அமர்வில் இதைப் பிரித்துச் சொன்னது. வேலையை முடிக்கத் தாமதிக்கும் காண்ட்ராக்டரிடம், முன்பே எழுதிய நிபந்தனைப்படி நஷ்டஈடு பிடிக்கலாம். கடனாகிவிட்ட பணத்தைத் தரத் தாமதித்தால் கூடுதல் தொகை என்று எழுதக்கூடாது, அது வட்டி. ஆக, காண்ட்ராக்டர் மாதத்தைத் தாண்டினால் வாரத்துக்கு இவ்வளவு குறையும் என்று எழுதலாம். நாம் தவணை தரத் தாமதித்தால் நூற்றுக்கு இவ்வளவு கூடும் என்று அவர் எழுதக்கூடாது. கைமீறிய காரணத்தால் ஏற்பட்ட தாமதத்துக்கும், உண்மையில் நமக்கு நஷ்டமே வராத தாமதத்துக்கும் பிடிக்கக்கூடாது என்பதும் அதனுடன் சேர்ந்தது.

பணம் வேலையை முந்தினால்

மோசமான காண்ட்ராக்டர் எல்லோரும் திருட நினைத்து வருபவர்கள் அல்லர். நாம் பார்த்தவரை பெரும்பாலும் நடப்பது இது: ஒரே நேரத்தில் நான்கு சைட் எடுக்கிறார். உங்கள் தளத்துக்கு என்று வாங்கும் பணம், போன வீட்டின் டைல்ஸ் கடைப் பாக்கிக்குப் போகிறது. உங்கள் தளத்துக்கு அடுத்த வீட்டின் அட்வான்ஸ் வரவேண்டும். புதிய வேலை கிடைக்காத மாதத்தில் எல்லாச் சைட்டும் ஒன்றாக நின்றுவிடுகின்றன. அந்தப் பஞ்சாயத்தில் காண்ட்ராக்டரின் கணக்கு நோட்டைப் பார்த்தபோதும் இதுவேதான் தெரிந்தது.

அதனால் அட்வான்ஸ் சிறிதாக இருக்கட்டும். அதன் பிறகு ஒவ்வொரு தவணையும் முடிந்த வேலைக்குப் பின்னால் போகட்டும். அஸ்திவாரம், பேஸ்மென்ட், லிண்டல், தளம், பூச்சு, தரை, பெயிண்ட் என்று கட்டம் பிரித்து, இந்தக் கட்டம் முடிந்தால் இந்தத் தொகை என்று எழுதுங்கள். கடைசியில் நூற்றுக்கு ஐந்தோ பத்தோ நிறுத்திவைத்து, ஒரு மழைக்காலம் கழிந்து தருவதாகவும் எழுதலாம். ஆனால் முன்கூட்டியே எழுதியிருக்கவேண்டும். அப்படி எழுதாமல், ஒழுங்காக முடித்துக் கொடுத்தவரிடம் கடைசி ஒரு லட்சத்தைப் பிடித்துக்கொண்டு அலைக்கழிப்பது, வசதியுள்ளவன் இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செயல். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அந்த ஹதீஸ் இருக்கிறது. இந்த அநியாயத்தைச் செய்யும் வீட்டுக்காரர்களும் நம்மில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் பஞ்சாயத்து வைப்பதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் கணவருக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ போகிறது. கம்பி தெரியும், ஆள் தெரியும். கலவையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினார்கள் என்பது தெரியாது. அந்த வீட்டின் ஒழுகலுக்குப் பொறியாளர் சொன்ன காரணம் இரண்டு: கண் அளவில் தண்ணீர் கூட்டிக் கலந்தது, நான்கே நாளில் தண்ணீர் கட்டுவதை நிறுத்தியது. கட்டடங்களுக்கான ஐ.எஸ். 456 விதி, சாதாரண சிமெண்ட் கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாளும், இன்று பெரும்பாலும் கிடைக்கும் பி.பி.சி. போன்ற கலப்பு சிமெண்ட் என்றால் 10 நாளும் ஈரமாக வைத்திருக்கச் சொல்கிறது. நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்கவேண்டும், அதற்கு மேல் 14 நாள். நாளை எண்ண யாருக்கும் பொறியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தளம் போட்ட தேதியைக் காலண்டரில் குறித்துவைத்தால் வீட்டிலிருக்கும் பெண்ணே கேட்கலாம். கான்கிரீட் போடும் அன்று அச்சில் எடுத்த கட்டிகளை 7-ம் நாளும் 28-ம் நாளும் ஆய்வுக்கூடத்தில் உடைத்துப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவு அல்ல.

தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே நனைந்திருந்ததைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் வியாபாரியைக் கேள்வி கேட்ட செய்தி முஸ்லிமில் இருக்கிறது. மேலாகப் பார்த்துவிட்டுப் போகவில்லை, கையை உள்ளே விட்டார்கள்.

ஆள் வராமல் நின்றுவிட்டால்

முதலில் நடப்பது, கோபத்தில் இன்னொரு காண்ட்ராக்டரைக் கூட்டிவந்து மீதி வேலையைத் தொடங்குவது. பூச்சின் மேல் பூச்சு விழுந்த பிறகு, எது யார் செய்தது என்று எந்தப் பொறியாளராலும் சொல்ல முடியாது. எனவே முதலில் எழுத்தில் அறிவிப்பு: இன்ன தேதிக்குள் வேலையைத் தொடருங்கள், இல்லையேல் அளந்து கணக்கு முடிக்கப்படும். ஒப்புகை வரும் வகையில் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் அதையே அனுப்புங்கள். பிறகு தேதியோடு படங்கள், பொறியாளரின் அளவு அறிக்கை. அதன் பிறகே புது ஆள். பழைய குரல் பதிவுகள் உள்ள போனை மாற்றிவிடாதீர்கள்.

காவல் நிலையத்துக்கு ஓடுவதால் பெரும்பாலும் பலன் இருக்காது. தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் அது மோசடிக் குற்றம். ஒப்பந்தத்தை மீறியது மட்டும் சிவில் விவகாரம் என்பது உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது.

அந்தப் பெண்ணின் மாமனார் நம்மைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். "அவரோட சென்ட்ரிங் தகடு, முட்டு எல்லாம் எங்க இடத்துலதான் கிடக்கு. வித்து எடுத்துக்கலாமா?" தன் உரிமையை வேறு வழியில் பெற முடியாதவர், மறுப்பவரின் பொருள் கைக்குக் கிடைத்தால் தன் உரிமை அளவுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்பது ஃபிக்ஹில் நீண்ட விவாதம். அபூஸுஃப்யான் (ரலி) அவர்களின் மனைவி ஹிந்த் (ரலி) அவர்களுக்கு, குடும்பத்துக்குப் போதுமானதை வழக்கப்படி எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததை ஆதாரமாகக் கொண்டு, ஷாஃபிஈ அறிஞர்கள் நிபந்தனைகளோடு கூடும் என்கிறார்கள். இங்கே அந்த நிபந்தனைகள் இல்லை. ஆதாரமும் இருக்கிறது, கேட்க ஜமாஅத்தும் சட்டமும் இருக்கின்றன. விற்காதீர்கள் என்றோம். நல்லவேளை. விசாரித்தால் அந்தத் தகடுகள் காண்ட்ராக்டருடையவையே அல்ல, வாடகைக்கு எடுத்தவை. மறுவாரம் அதன் உரிமையாளர் லாரியோடு வந்து நின்றார்.

ஜமாஅத்தால் முடிவதும் முடியாததும்

கஅப் பின் மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வரவேண்டிய கடனைப் பள்ளிவாசலில் வைத்துக் கேட்டபோது குரல்கள் உயர்ந்தன. நபி (ஸல்) அவர்கள் வீட்டின் திரையை விலக்கி, பாதியைக் குறைக்குமாறு சைகை காட்டினார்கள். கஅப் (ரலி) ஒப்புக்கொண்டதும், கடன்பட்டவரிடம், எழுந்து மீதியைக் கொடுக்கச் சொன்னார்கள். நம் பஞ்சாயத்துகளில் முதல் பாதிதான் நடக்கிறது. விட்டுக்கொடுங்கள், குறையுங்கள் என்று உரிமை உள்ளவரிடம் ஒரு மணி நேரம் பேசுவோம். எழுந்து கொடு என்று மற்றவரிடம் சொல்ல ஆள் இருக்காது.

அந்த ஊரில் ஐந்து லட்சத்தைப் பத்துத் தவணையாக, மாதம் ஐம்பதாயிரம் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னவர் அந்தப் பெண்தான். இரண்டு கொத்தனார்களுக்குக் காண்ட்ராக்டர் 38,000 ரூபாய் கூலி பாக்கி வைத்திருந்தார். அவர்கள் இவர் வீட்டு வாசலில் வந்து கேட்டிருக்கிறார்கள். "என் வீட்டுச் சுவத்தக் கட்டுனவங்க. முதல்ல அவங்களுக்குக் கொடுக்கட்டும், என்னோடது ஒரு மாசம் கழிச்சே வரட்டும்" என்றார். அப்படியே எழுதப்பட்டது, அப்படியே கொடுக்கப்பட்டது.

நான்கு தவணை வந்தது. ஐந்தாவது வரவில்லை. அவரைப் பள்ளியில் சேர்க்கக்கூடாது, வீட்டு விசேஷத்துக்குப் போகக்கூடாது என்று சிலர் குரல் எழுப்பினார்கள். அதற்கு ஜமாஅத்துக்கு அதிகாரம் கிடையாது. அவருடைய பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? ஜமாஅத்தின் கை அவ்வளவுதான் நீளும். அதற்கு மேல் சட்டம்.

முஸ்லிம் மீது முஸ்லிம் வழக்குப் போடலாமா என்று தயங்குபவர்கள் உண்டு. உரிமையை உரிய இடத்தில் கேட்பதில் குற்றமில்லை. தயக்கத்துக்கு விலையும் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கவேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். அடுத்த வெள்ளி, ரமலான் கழியட்டும், மகன் நிக்காஹ் முடியட்டும் என்று பஞ்சாயத்திலேயே அந்த இரண்டு ஆண்டைத் தொலைத்த குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

வீடு கட்டித் தருவது அந்தச் சட்டத்தின்படி சேவை. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையமே விசாரிக்கும். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. 20 முதல் 50 லட்சம் வரை 1000 ரூபாய். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். 1915 என்ற எண்ணில் வழி கேட்கலாம். ரெரா என்று பலர் சொல்வார்கள். அது மனைகளையும் அடுக்குமாடி வீடுகளையும் விற்கும் திட்ட உரிமையாளர்களுக்கான சட்டம். நம் சொந்த மனையில் வீடு கட்டித் தரும் காண்ட்ராக்டர் அதில் வரமாட்டார். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, எண் 15100. அங்குள்ள லோக் அதாலத்தில் சமரசத்தைப் பதிவு செய்தால் அது நீதிமன்றத் தீர்ப்பின் பலம் பெறும். பள்ளியில் எழுதிய அந்தத் தாளை அன்றே அங்கே கொண்டுபோகச் சொல்லியிருக்கலாம். நாம் சொல்லவில்லை. நமக்கும் அப்போது தோன்றவில்லை.

மீதி மூன்று லட்சத்துக்காக அந்தப் பெண் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். பொறியாளரின் அறிக்கையும் இருவர் கையெழுத்திட்ட தாளும் அவர் கையில் இருக்கின்றன. தளத்தைச் சரிசெய்து, வீட்டின் கீழ்ப்பகுதியில் குடிவந்துவிட்டார்கள்.

சென்ற மாதம் பக்கத்துத் தெருவில் வீடு கட்டப்போகும் ஒருவர், அதே காண்ட்ராக்டரைப் பற்றி அவரிடம் விசாரித்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் புறமாகுமா என்று நம்மிடம் கேட்டார். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள், தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் இருவரிடமும் உள்ள குறையை மறைக்காமல் சொன்னார்கள். ஆலோசனை கேட்பவருக்கு, தேவையான அளவு உண்மையைச் சொல்வது புறத்தில் சேராது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்களும் எழுதியிருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுமத்தில் படத்தோடு போட்டுத் திட்டுவது வேறு.

"அப்ப என்ன சொன்னீங்க?" என்று கேட்டோம்.

"சுவர் வேலை நல்லா செய்வாரு, தளத்துக்குக் கூடவே நில்லுங்க, பணத்த முன்னாடி கொடுக்காதீங்க, என் கணக்கு இன்னும் முடியலன்னு சொன்னேன் ஹஜ்ரத். வேற ஒண்ணும் சொல்லல."